மயில் கண் மீனும் எங்கள் குட்டையும்



சிங்கப்பூருக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் போதும். "தேக்காவில் என்ன வாங்கினீர்கள்?" என்றுதான் நம் தோட்டத்தில் முதலில் கேட்பார்கள். என் மனைவி இரண்டு சேலைகளும் ஒரு குத்துவிளக்கும் வாங்கினாள். நான் வாங்கி வந்தது ஒரு பொய் மீன். இரண்டரை அங்குல நீளம், வெள்ளி நிற உடம்பு, சிவப்புத் தலை, வயிற்றில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக முக்கவர் முள். அது இப்போது என் மேசையில், சிவப்பு மைப் பேனாவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதைக் கொண்டு நான் மீன் பிடித்தது ஒரே ஒரு நாள்தான். ஆனால் அந்த ஒரு நாள் என்னை ஒரு பெரிய தவற்றிலிருந்து காப்பாற்றியது. அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

பத்தாம் மைலுக்குப் போகும் வழி

குளுவாங் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியர். போன பள்ளி விடுமுறையில் மனைவியையும் ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகனையும் அழைத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் புறப்பட்டேன். மச்சான் என் மனைவியின் அண்ணன். எங்கள் தோட்டத்து லயத்திலே பிறந்து வளர்ந்தவர். இப்போது சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுகிறார். வீடு புக்கிட் பாஞ்சாங்கில், பன்னிரண்டாம் மாடியில்.

நீங்களும் போக விரும்பினால் வழி சுலபம். ஜொகூர் பாரு லார்கின் நிலையத்தில் 170ஆம் எண் பேருந்தில் ஏறுங்கள். பாலத்தின் இரு முனையிலும் இறங்கிக் கடப்பிதழைக் காட்டிவிட்டு, மறுபடி அதே எண் பேருந்தைப் பிடிக்க வேண்டும். கிராஞ்சியைத் தாண்டி, உட்லண்ட்ஸ் சாலை வழியாக அது புக்கிட் பாஞ்சாங்குக்கு வந்து சேரும். கடைசி வரை போனால் குவீன் ஸ்திரீட். அங்கிருந்து லிட்டில் இந்தியா நடக்கும் தூரந்தான்.

'புக்கிட் பாஞ்சாங்' என்றால் மலாயில் நீண்ட குன்று என்று பொருள். பழைய ஆட்கள் பத்தாம் மைல் என்பார்கள். அந்தக் காலத்தில் கம்போங்குகளும் பன்றிப் பண்ணைகளும் கல்லுடைக்கும் மலைகளும் இருந்த இடம். இன்று எங்கே திரும்பினாலும் அடுக்குமாடிதான். 1999ஆம் ஆண்டு நவம்பரில் சிங்கப்பூரின் முதல் இலகு ரயில் இங்கேதான் ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் இல்லாத வண்டி! வீடுகளை ஒட்டிப் போகும்போது சன்னல் கண்ணாடி தானாகப் பனிபடர்ந்து வெளுத்துவிடும்படி அதை அமைத்தார்கள். பிறர் வீட்டுக்குள் நம் பார்வை போகக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. லயத்தில் ஒரே பலகைச் சுவருக்கு இந்தப்பக்கம் ஒரு குடும்பம், அந்தப்பக்கம் ஒரு குடும்பம் என்று வாழ்ந்த நமக்கு இது வியப்பாகத்தானே இருக்கும்? 2015 டிசம்பரிலிருந்து சுரங்க ரயிலும் வந்துவிட்டது. புக்கிட் பாஞ்சாங்கில் ஏறினால் வண்டி மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம்.

நம் மலாயா ரயில் ஒரு காலத்தில் இந்த ஊரின் ஓரமாகத்தான் தஞ்சோங் பகார் வரை ஓடியது. 2011 ஜூன் 30ஆம் தேதியோடு அந்த ஓட்டம் நின்றது. தண்டவாளம் இருந்த பாதையில் இன்று ஆட்கள் நடக்கிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள். மச்சான் என்னை அந்தப் பாதையில் அழைத்துப் போனார். "மாப்பிள்ளை, எங்க தாத்தா இந்த வழியாத்தான் வந்திருப்பாரு" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

மச்சானின் பெட்டி

மச்சானுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. ஒரே பைத்தியம் மீன் பிடிப்பது. வேலை இல்லாத நாளில் விடியுமுன் தூண்டிலோடு கிளம்பிவிடுவார். வந்த இரண்டாம் நாள் அவர் தம் பெட்டியைத் திறந்து காட்டினார். அதில் ஒரு புழுவும் இல்லை, பசை மாவும் இல்லை. எல்லாம் பொம்மை மீன், பொம்மைத் தவளை, தகட்டுக் கரண்டி. மலாய்க்காரர் 'கெவாங்' என்று சொல்லும் பொய்யிரைகள்.

ஏன் பொய்யிரை? சிங்கப்பூரின் நீர்த்தேக்கங்களில் இருப்பது குடிதண்ணீர். ஆகவே உயிர் இரையைப் போட அங்கே அனுமதி இல்லை. செயற்கை இரை மட்டுந்தான். அதுவும் பலகை வைத்துக் குறித்துவிட்ட கரையில் மட்டுமே பிடிக்கலாம். மற்ற இடத்தில் பிடித்தால் 3,000 வெள்ளி வரை அபராதம். நீங்கள் போனால் முதலில் பலகையைப் பாருங்கள், பிறகு தண்ணீரைப் பாருங்கள்.

மச்சான் தேடிப் போகும் மீனுக்கு பீகாக் பாஸ் என்று பெயர். பெயரில் பாஸ் இருந்தாலும் அது அந்த இனமல்ல. நம் திலாப்பியாவுக்குத்தான் தூரத்து உறவு. பொன்னிற உடம்பில் மூன்று கறுப்புப் பட்டைகள், வால் அடியில் பொன் வளையமிட்ட ஒரு கரும்புள்ளி. மயில் தோகையின் கண் போலவே இருக்கும். நம் நாட்டில் இதை 'இக்கான் ராஜா' என்கிறார்கள். பேராக், சிலாங்கூர் பக்கத்துப் பழைய ஈயக்குட்டைகளிலும் இது உண்டு.

இது பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். வெயில் ஏறத் தொடங்கும் காலை நேரம் நல்லது. இருட்டிவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். மோப்பத்துக்கு மயங்காது. அசைவும் பளபளப்புந்தான் அதை இழுக்கும். அதனால்தான் பொய்யிரையில் சிக்குகிறது.

எந்த இரை, எப்போது?

மச்சான் எனக்குப் பாடம் நடத்தினார். வாத்தியாருக்கே வாத்தியார்! அவர் சொன்னதை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

முதலாவது, மிதக்கும் இரை. வாய் குழிந்திருக்கும். கோலின் நுனியைச் சுண்டினால் 'பளக்' என்று தண்ணீரைத் துப்பும். காற்றில்லாத காலையில், தண்ணீர் கண்ணாடி போல் கிடக்கும்போது இதைப் போடுங்கள். மீன் மேலெழுந்து அடிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டாவது, உதடு வைத்த மீன் பொம்மை. மோவாயில் ஒரு சிறு பிளாஸ்டிக் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். இழுக்க இழுக்க அந்தத் தகடு தண்ணீரை அழுத்தி இரையைக் கீழே இறக்கும். தகடு நீளமாக இருந்தால் ஆழமாகப் போகும், குட்டையாக இருந்தால் மேலாக நீந்தும். ஒரே சீராக இழுக்கக்கூடாது. இரண்டு சுண்டு, ஒரு நிறுத்தம்; மறுபடி இரண்டு சுண்டு. காயம்பட்ட மீன் அப்படித்தானே தடுமாறும்? நிறுத்தும் அந்த நொடியில்தான் பெரும்பாலும் கடிக்கும்.

மூன்றாவது, கரண்டி. பெயருக்கேற்ற தகடு. கனமாக இருப்பதால் தூரம் போகும், காற்றையும் கிழிக்கும். போட்டதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே மூழ்கவிடுங்கள். ஐந்து எண்ணி இழுத்தபோது கடித்தது என்றால், மறுமுறையும் ஐந்துதான் எண்ண வேண்டும். மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதற்கு அதுவே அளவுகோல்.

நான்காவது, ரப்பர் இரை. பெயர்தான் ரப்பர், நம் பால்மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மெல்லிய பிளாஸ்டிக்தான். ரப்பர் மீனை ஈயத்தலை முள்ளில் கோத்து அடியோடு துள்ளவிட வேண்டும். ரப்பர் தவளைக்கு முள் முதுகில் ஒட்டி இருப்பதால் பாசியிலும் தாமரையிலும் மாட்டாது. அது விராலுக்கும் தோமானுக்கும் ஏற்றது.

நிறம்? தெளிந்த தண்ணீரில் வெள்ளி, பச்சை போன்ற இயற்கை நிறம். கலங்கிய தண்ணீரில் ஆரஞ்சு, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் நிறம். ஆனால் நிறத்தைவிட இடம் முக்கியம். மூழ்கிய மரம், பாசியின் ஓரம், கால்வாய் வந்து கலக்கும் வாய், பாலத்தின் நிழல் — இப்படி ஒதுங்கி நிற்க வசதியான இடத்தில்தான் இது காத்திருக்கும். நடுத்தண்ணீரில் நாள் முழுக்க வீசினாலும் கை வலிதான் மிச்சம்.

வீசும் விதம்

ஆறடி, ஆறரையடிக் கோல் போதும். வீசுவதற்கு முன் பின்னால் பாருங்கள். இதைச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முனை முள் யார் கன்னத்தில் மாட்டினாலும் வேடிக்கையாக இராது.

கோலின் நுனியிலிருந்து ஒரு சாண் தங்கூசி தொங்கட்டும். ஆள்காட்டி விரலால் அதைப் பிடித்துக்கொண்டு ரீலின் கம்பி வளையத்தைத் திறவுங்கள். கோலைத் தலைக்கு மேலே பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசுங்கள். கோல் கண்ணுக்கு நேராக வரும்போது விரலை விட வேண்டும். சீக்கிரம் விட்டால் இரை வானத்துக்குப் போகும். தாமதித்தால் காலடியில் விழும். பலம் தோளில் இல்லை, மணிக்கட்டில்தான் இருக்கிறது. மரக்கிளை தாழ்ந்திருந்தால் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வீச வேண்டும். இரை தண்ணீரைத் தொடுமுன் விரலால் தங்கூசியை மெல்லத் தடுத்தால் கல் விழுந்த சத்தம் இல்லாமல் பூ விழுந்த மாதிரி இறங்கும்.

கடித்ததும் கோலை நிமிர்த்துங்கள். ரீலின் திருகை முன்பே சற்றுத் தளர்த்தி வைத்திருக்க வேண்டும். பெரிய மீன் பாய்ந்தால் தங்கூசி வெளியே ஓடட்டும். முரட்டுத்தனமாக இழுத்தால் அறுந்துபோகும். பிள்ளை வளர்ப்பும் இப்படித்தான் என்று மச்சான் சொன்னபோது என் மனைவி சிரித்துவிட்டாள்.

கிராஞ்சிக் கரையில்

மூன்றாம் நாள் விடியற்காலை கிராஞ்சி நீர்த்தேக்கத்துக்குப் போனோம். வழியில் குதிரைப் பந்தயத் திடலைக் கடந்தோம். 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்த இடம். சற்றுத் தள்ளிப் போர் நினைவிடம். அங்கே சுவரில் வெட்டிய பெயர்களில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் உண்டு.

கிராஞ்சி ஒரு காலத்தில் கடலில் கலந்த ஆறு. 1975இல் முகத்துவாரத்தில் அணை கட்டி அதை நன்னீர் ஏரியாக்கினார்கள். அந்த அணை மேல் நின்றால் ஒருபுறம் நன்னீர், மறுபுறம் உப்புநீர். உப்புநீருக்கு அக்கரையில் நம் ஜொகூர். மச்சான் அந்தப் பக்கம் கையைக் காட்டி, "தூண்டில வீசினா நம்ம ஊருக்கே போயிடும் போல இருக்குல்ல?" என்றார்.

என் முதல் பத்து வீச்சில் நான்கு பாசிக்குப் போயின. மகனின் இரை மரத்தில் ஏறிக்கொண்டது. வெயில் சுள்ளென்று ஏறியபோது மச்சான் சொன்னார்: "மாப்பிள்ளை, அந்த மூழ்கின கட்டைக்கு அந்தாண்ட போடுங்க. ரெண்டு சுண்டு, ஒரு நிறுத்தம்." போட்டேன். சுண்டினேன். நிறுத்தினேன். யாரோ தண்ணீருக்குள்ளிருந்து கோலைப் பிடித்து இழுப்பது போலிருந்தது. ரீல் 'கிர்ர்' என்று அலறியது. மீன் ஒருமுறை தண்ணீருக்கு மேலே துள்ளியபோது வாலின் மயில் கண் வெயிலில் மின்னியது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் சில முறைதான் வந்திருக்கிறது என்று உண்மையாகவே சொல்கிறேன்.

கரைக்கு வந்ததும் அது வாயைத் திறந்து கக்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. விரல் நீளச் சிறு மீன்கள். ஒன்றுக்கு இன்னும் உயிர் இருந்தது.

மகன் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "அப்பா, இதைத்தானே நம்ம குட்டையில விடப் போறோம்?"

என் தவறு

இங்கே நான் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் ஒரு குட்டை இருக்கிறது. பால்மரம் இருந்த காலத்தில் ஆலைக்குத் தண்ணீர் எடுத்த குட்டை. இப்போது சுற்றிலும் செம்பனை. அதில் விரால், கெளுத்தி, பனையேறி எல்லாம் உண்டு. எங்கள் லயத்துப் பாட்டி ஒருவர், கணவரை இழந்தவர், மாலையில் மூங்கில் கம்போடு போய் உட்கார்ந்து தம் இரவுக் குழம்புக்குப் பிடித்து வருவார். மாதக் கடைசியில் அப்படிப் போகும் வீடுகள் இன்னும் சில உண்டு.

தோட்டத்து இளைஞர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். ராஜா மீன் குஞ்சுகளை வாங்கிக் குட்டையில் விட்டால், பெரிதானதும் பட்டணத்து ஆட்கள் பணம் கட்டிப் பிடிக்க வருவார்கள், அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் வைக்கலாம் என்று. நல்ல எண்ணந்தானே? "நான் ஐம்பது வெள்ளி தருகிறேன்" என்று சொன்னவனே நான்தான். அறிவியல் பாடம் நடத்துகிறவன், ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

மகனின் கேள்விக்கு மச்சான்தான் பதில் சொன்னார். "தம்பி, இது அமேசான் பக்கத்து மீனு. இந்த ஊர் ஏரியில அது தானா பிறக்கல. யாரோ கொண்டுவந்து விட்டது. நம்ம குட்டை எவ்வளவு பெருசு? ஒரு வருஷம் போனா பாட்டிக்குப் பனையேறி கிடைக்காது."

அன்றிரவு மீனைக் குழம்பு வைத்தோம். முள் குறைவு, சதை வெள்ளை, ருசிக்குக் குறையில்லை. எனக்குத்தான் சரியாக இறங்கவில்லை. பிறகு நான் தேடிப் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பனாமா நாட்டில் காத்தூன் என்ற பெரிய ஏரி. 1967ஆம் ஆண்டு வாக்கில் இந்த மீன் அதற்குள் புகுந்தது. சில ஆண்டுகளுக்குள் அங்கே கூட்டங்கூட்டமாக இருந்த உள்ளூர்ச் சிறு மீன்கள் பல காணாமற்போயின. அவற்றைத் தின்ற நீர்ப்பறவைகளும் குறைந்தன. ஜாரட், பெயின் என்ற இரு விஞ்ஞானிகள் 1973இல் இதை எழுதினார்கள். 45 ஆண்டுகள் கழித்து வேறு ஆய்வாளர்கள் அதே ஏரியைப் பார்த்து 2017இல் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? போன மீன்கள் திரும்பவில்லை.

அமெரிக்காவின் புளோரிடாவில் 1984இல் அரசே இதை வேண்டுமென்று விட்டது. கால்வாய்களில் பெருகிய திலாப்பியா போன்ற அந்நிய மீன்களைத் தின்னட்டும் என்பது திட்டம். ஆனால் அங்கே ஒரு வேலி உண்டு: குளிர். வடக்கே போனால் குளிர் தாங்காமல் செத்துவிடும். நம் ஊரில் அந்த வேலி ஏது? ஆண்டு முழுதும் வெயில், ஆண்டு முழுதும் மழை.

"திலாப்பியாவும் அந்நிய மீன்தானே, சார்?" என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். ஆப்பிரிக்காவில் பிறந்து, ஜப்பான்காரன் காலத்தில் ஜாவாவிலிருந்து நம் பக்கம் வந்தது. அது வந்தபோது தடுக்க யாரும் இல்லை. இன்று தெரிந்தே இன்னொன்றைக் கொண்டுவரலாமா? சட்டமும் இதைத்தான் சொல்கிறது. அனுமதியின்றி விலங்குகளை வெளியில் விடுவது சிங்கப்பூரில் குற்றம். 2020இல் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். நம் நாட்டிலும் உயிர்மீனை அனுமதியில்லாமல் உள்ளே கொண்டுவர 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் இடந்தரவில்லை.

ஊர் திரும்பிய பிறகு

ஞாயிற்றுக்கிழமை கோயில் திடலில் இளைஞர்களைக் கூட்டினேன். "ஐம்பது வெள்ளி தருகிறேன் என்று சொன்னது என் பிழை" என்று ஆரம்பித்தேன். ஆசிரியர் ஒருவர் பிழை என்று சொன்னால் பிள்ளைகள் உற்றுக் கேட்கிறார்கள் என்பதை அன்று கண்டேன். கக்கிய நான்கு மீன்களின் கதையைச் சொன்னேன். பனாமாவைச் சொன்னேன். சிலர் ஒப்புக்கொண்டார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் பல மாதம் கண்ட கனவல்லவா?

ஒருவன் மட்டும் எழுந்து கேட்டான்: "சார், நாம விடாம இருப்போம். வேற தோட்டத்துல விட்டுட்டா? மழைக்காலத்துல கால்வாய் நிறைஞ்சா அது இங்கேயும் வந்துடுமே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். எங்கள் குட்டையை நாங்கள் காப்போம். உங்கள் குட்டையை நீங்கள்தான் காக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியில் வளர்த்த மீன் பெரிதாகிவிட்டது, பாவம் என்று ஆற்றில் கொண்டுபோய் விடாதீர்கள். அது புண்ணியம் அல்ல. பிடிக்க ஆசையா? அது ஏற்கெனவே இருக்கும் இடத்துக்குப் போய்ப் பிடியுங்கள். பிடித்ததைக் குழம்பு வையுங்கள்.

டியூஷனுக்குப் பணம்? நான் தருவதாகச் சொன்ன ஐம்பது வெள்ளியை அதற்கே கொடுத்துவிட்டேன். செவ்வாய், வியாழன் மாலைகளில் கணக்குப் பாடத்தை நானே எடுக்கிறேன். பாடம் முடிந்து விளக்கை அணைத்துவிட்டு வரும்போது, குட்டைக் கரையில் பாட்டி எழுந்து சேலை முந்தானையை உதறுவது தெரியும். நேற்று மூன்று பனையேறி கிடைத்ததாகச் சொன்னார்.